நூற்றியோராவது சுற்று

சங்கரன்கோவில்
ஐப்பசி 6

அன்பு மகள் சண்முகசுந்தரிக்கு உன் அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அடிலெய்டு குளிரில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன், உன் அம்மாவை அந்த வரியில் சேர்க்க இப்போது கை வரவில்லை. தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் பேசும்போது உன் அம்மா என் பக்கத்தில் கிடக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயும் இரண்டு தடவை பார்த்தேன். நீ "எப்பா, சொல்லுங்க" என்றதும், மழை பெய்யுது, கரண்டு போயிட்டு என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். எழுத ஆரம்பித்தால் பாதியில் வைக்க முடியாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தபாலில் மட்டும் போட்டால் உன் கைக்கு வரப் பத்துப் பதினைந்து நாளாகும், நீ வருகிற வெள்ளிக்கிழமை உன் ஆபீஸ் கூட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னாய், அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், தாளையும் தபாலில் போடுகிறேன்.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. இசக்கிசெல்வி அத்தை சிவகிரியில் தன் வீட்டைப் பூட்டிப்போட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது, அண்ணன் பெண்டாட்டிக்கு இவ்வளவு செய்கிற நாத்தனாரை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை. குளிப்பாட்டுவதும் தலை சீவுவதும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பதும் எல்லாம் அவள்தான், நான் கொடுக்கப் போனால் உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெட்கம் என்று அத்தை சொல்லுகிறாள், எனக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை. வலது கையும் காலும் நீ பார்த்துவிட்டுப் போனது போலவேதான் இருக்கின்றன. பேச்சும் வரவில்லை. "ம்" என்று ஒரே சத்தம், வேணும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான், கண்ணைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைச் சாயந்திரம் ஆறு மணிக்கு நானே கொடுத்துவிடுகிறேன், போன வாரச் சோதனையில் இரண்டு புள்ளி எட்டு வந்தது, அது சரியாக இருக்கிறதாம். நெஞ்சில் வைத்த புது வால்வின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. மத்தியானம் வீடு அடங்கியிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும். ஒரு நாள், "மாடத்தி, நீ சீக்கிரம் பேசிரு, உனக்குப் பதிலா அது பேசிக்கிட்டிருக்கு" என்று கேலி செய்து பார்த்தேன். முன்பு என்றால் இதற்கு நாலு வார்த்தை வாங்கிக் கட்டியிருப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஸ்கூட்டரில் வருகிற பிசியோதெரபி அன்னக்கிளியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். நல்ல பிள்ளை, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அதிகம். போன புதன்கிழமை அவள் உன் அம்மாவைக் கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னாள், ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்தாவது தடவை கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் போதும் என்றேன். அன்னக்கிளி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து அவளுக்கு அனுப்பின ரிப்போர்ட்டைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, "யக்கா, ஆடி மாசம் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்த ஆளு நீங்க. வாட்ச் கணக்கு இங்கன எழுதியிருக்கு, நான் கதை விடல. அந்தக் காலு எங்கயும் போயிறாது, நீங்கதான் மனசு வைக்க மாட்டேங்கீக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுப்பினாள். உன் அம்மாவுக்குக் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. வலியில் அழுகிறாள் என்று அன்னக்கிளி நினைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு உன் அம்மா நல்லாயிருக்கிற இடது கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு விரலால் அந்த இடத்தைச் சுற்றித் தடவினாள், வார் கட்டுகிற இடம். என் முகத்தைப் பார்த்தாள். விடவே இல்லை. "சரி மாடத்தி, பிள்ளைகிட்டச் சொல்லிருதேன்" என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

சுந்தரி, அந்தப் பத்தாயிரம் அடி உன் அம்மா நடந்ததில்லை. நான் நடந்தது. வாட்ச் என் கையில் இருந்தது.

எப்படி என்று முதலில் இருந்து சொல்லுகிறேன், கோபப்படாமல் படி, கோபப்பட்டாலும் முழுவதும் படி. பங்குனியில் அவளுக்கு வால்வு மாற்றுகிறதுக்கு முந்தின வாரம், நல்லபடியாகப் பிழைத்து எழுந்தால் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறினதில் இருந்து பதினோராம் நாள் தபசுக்குள் கோவிலை நூற்றியொரு சுற்றுச் சுற்றுவதாகக் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாய் என்று பயம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நெல்லை ஆஸ்பத்திரியோடு சேர்ந்து உன் டீம் நானூறு பேருக்குக் கட்டிவிட்ட வாட்சில் ஒன்றை அவளுக்கும் கட்டினார்கள். அது எதற்கு என்று நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு விளக்கினாய். வால்வு மாற்றினவர்களில் யாருக்குக் கட்டி உறையும், யாருக்கு ரத்தம் கசியும், யாருக்கு நாடி தப்பும் என்று முன்னாலேயே சொல்வதற்குக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறோம், பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கான பேருடைய விவரத்தைப் படித்து அதுவாகவே கற்றுக்கொண்டது, இனி வயசு, ரத்தச் சோதனை, ஸ்கேன், அதோடு வாட்சில் இருந்து நாடியும் நடையும் அதற்குப் போகும், நூற்றுக்கு இத்தனை ஆபத்து என்று ஒரு நம்பர் கொடுக்கும் என்றாய். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் எங்கள் மனசில் நின்றது ஒன்றே ஒன்றுதான், வாட்சைக் கழற்றக் கூடாது. கழற்றினால் உனக்கு அங்கே தெரிந்துவிடும், அரை மணி நேரத்தில் போன் வரும், "எப்பா, அம்மா வாட்ச் எங்க?" என்பாய். குளிக்கப் போகும்போதுகூட உன் அம்மா, "அது கத்தும், அது கத்தும்" என்று ஓடி வருவாள். யாராவது ஒருவர் கையில் அது இருந்துவிட்டால் சண்டை இல்லை என்றுதான் நாங்கள் புரிந்துவைத்திருந்தோம். பிள்ளையைக் கையில் வைத்திருக்கிற மாதிரி.

ஆடியில் கொடி ஏறின அன்றைக்கு அவளால் தெருமுனை வரைக்கும்கூட மூச்சு வாங்காமல் போக முடியவில்லை. நான் உனக்காக நடக்கிறேன் என்றேன். "நீங்க நடந்தா அது உங்க சுத்து. என் மேல கிடந்த சாமான் ஒண்ணு உங்க கூட வரணும்லா, அப்பதான என் பேருல சேரும்" என்றாள். தாலியைக் கழற்ற முடியாது, மெட்டி என் விரலில் ஏறாது, வளையல் போட்டுக்கொண்டு நான் ரத வீதியில் நடந்தால் ஊர் சிரிக்கும். கடைசியில் அவள் கையில் நாலு மாதமாகக் கிடக்கிற வாட்ச்தான் கண்ணில் பட்டது. அவளே கழற்றி என் கையில் கட்டினாள், அவள் துளையில் எனக்கு எட்டவில்லை, மூன்று துளை தள்ளி மாட்டினாள். சுற்று முடிகிற வரைக்கும் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பத்து நாள் பகலும் இரவும் அது என் கையில்தான் இருந்தது. என்னோடு நடந்தது, என்னோடு சாப்பிட்டது, என்னோடு நிம்மதியாகத் தூங்கியது. பக்கத்துக் கட்டிலில் உன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள்.

முதல் இரண்டு நாள் எட்டு எட்டுச் சுற்றுத்தான் முடிந்தது, முழங்கால் விடவில்லை. மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். முப்பத்தொன்றில் இருந்த நம்பர் இருபத்துநாலுக்கு வந்திருக்கிறது என்றாய். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது சுந்தரி. நான் நடக்க நடக்க அவளுக்கு ஆபத்துக் குறைகிறது. அம்மன் கணக்கில் எடுத்துக்கொண்டாள் என்றே நம்பினேன், வேறு எதுவும் என் புத்தியில் ஓடவில்லை. அடுத்த நாளில் இருந்து பத்து, பதினொன்று என்று நடந்தேன், கால் வீங்கினாலும் நடந்தேன். நம்பர் பதினெட்டு ஆனது, பதினொன்று ஆனது. அன்றைக்கு நீ, "எம்மா, நீ மஞ்சள்ல இருந்து பச்சைக்கு வந்துட்ட! எங்க டீம்ல எல்லாருக்கும் காட்டுனேன்" என்று கத்தினாய், உன் அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போதே அவளுக்குப் படபடப்பு இருந்தது. விட்டு விட்டு அடிக்கிறது என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன், "மிஷினே நல்லாயிருக்கேன்னு சொல்லுது, சும்மா கிடங்க, எனக்கு மனப்பிராந்தி" என்றாள். நானும் சரி என்றேன். அந்த வாரம் ரத்தச் சோதனைக்கு நெல்லைக்குப் போக வேண்டியது. ஆஸ்பத்திரியில் இருந்து, வாட்ச் கட்டிவிட்ட பாண்டிராஜ் தம்பி போன் செய்து, "அண்ணாச்சி, அக்காவுக்குப் பச்சை வந்துட்டு, இந்தக் கூட்டத்துல பஸ்ல அலைய வேண்டாம், அடுத்த மாசம் வந்தாப் போதும்" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் சொன்னார், நானும் அவருக்கு நன்றி சொன்னேன். அந்தச் சோதனைக்குப் போயிருந்தால் மாத்திரை போதவில்லை என்று தெரிந்திருக்கும். நாடி தப்புவதும் தெரிந்திருக்கும். இதை நான் தினமும் நினைக்கிறேன், நினைக்காத நாள் இல்லை.

தபசு முடிந்து இரண்டாம் நாள் காலையில் காபி டம்ளர் அவள் கையில் இருந்து விழுந்தது, குனிந்து எடுக்கப் போனவளுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நெல்லையில் டாக்டர், வால்வில் உறைந்த கட்டி மூளைக்குப் போயிருக்கிறது, நாடி பல நாளாகவே தாறுமாறாக இருந்திருக்கும் போல என்று சொல்லிவிட்டு என்னிடம், "எத்தனை நாளாப் படபடப்பு இருந்துச்சு?" என்று கேட்டார். நான் தெரியவில்லை சார் என்றேன். நீ அப்போது போனில் இருந்தாய், பத்து நாளாக நாடி சீராகத்தானே இருந்திருக்கிறது, என் கண்ணால் பார்த்தேனே என்று அவரிடம் வாதாடினாய். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீ கண்ணால் பார்த்தது என் நாடி. உன் மிஷின் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை சுந்தரி, அறுபத்தேழு வயசு சங்கரசுப்புவுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று சரியாகத்தான் சொன்னது. வராந்தாவில் நின்றுகொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. நீ விமானம் பிடித்து வந்து மூன்று வாரம் கூடவே இருந்தாய், அப்போதும் திறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவன் நான். ராஜபாளையம் வண்டி பிரேக் டவுன் ஆகிக் கிடக்கும், டிரைவர் வந்து, "அண்ணாச்சி, ஒரு டிரிப்புதான, வந்ததா எழுதிருங்க" என்று கெஞ்சுவான். வராத வண்டியை வந்ததாக ஒரு நாளும் எழுதினதில்லை, அதில் எனக்குத் திமிரும் உண்டு, நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தேன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டி நடக்காத நடையை அவள் பேரில் எழுதிவிட்டு, பிள்ளை கேட்கும்போது தெரியாது என்றேன். தெரியாமல் கட்டினேன், அதற்கு மன்னிப்பு உண்டா இல்லையா தெரியாது. தெரிந்த பிறகு மறைத்தேனே, அதற்கு நான் என்ன சொல்லட்டும்.

ஏன் மறைத்தேன் என்றால், முதலில் பயம். பிறகு நீ அந்தப் பத்து நாள் நடைக் கணக்குப் படத்தைப் பிரிண்ட் எடுத்து உன் மேஜையில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாய். பச்சைக் கோடு மேலே மேலே ஏறுகிற படம். "அம்மா படுத்துக் கிடக்கதைப் பாத்துட்டு அதைப் பாத்தா ஆறுதலா இருக்குப்பா, தபசுக்கு எவ்வளவு சந்தோஷமா நடந்திருக்கா" என்று சொன்னாய். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நீ வீடியோவில், "எம்மா, பத்தாயிரம் அடி நடந்தவ நீ, திரும்ப நடப்ப" என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உன் அம்மா உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்ட பிறகு இனிமேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு நன்றாக நடந்தவளுக்கு, நாடி இவ்வளவு சீராக இருந்தவளுக்கே இப்படி ஆகிவிட்டது, அப்படியென்றால் வாட்சை நம்பி ஆபத்தைச் சொல்வதே தப்பு, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் அம்மா கேஸைக் காட்டி வாட்ச் கணக்கையே எடுத்துவிடச் சொல்லப்போகிறேன், அதோடு நானும் இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கப்போகிறேன் என்றாய். மாப்பிள்ளையும் தனியாகப் போன் செய்து, நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, என் கம்ப்யூட்டர்தான் எங்க அம்மாவைப் படுக்க வச்சிட்டு என்று அழுகிறாய் என்று சொன்னார். மக்கா, படுக்க வைத்தது உன் கம்ப்யூட்டர் இல்லை. நான் ஒருத்தன் மூடிய வாயால் நீ வேலையை விடுவாய், மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர் கையில் இருக்கிற வாட்ச் உண்மையைச் சொல்லும்போது கேட்க ஆள் இல்லாமல் போகும். திருவேங்கடத்துப் பக்கம் எங்கேயோ ஒருத்தி நாடி தப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பாள், அவள் வீட்டுக்காரன் ஒழுங்காக அவள் கையிலேயே வாட்சைக் கட்டியிருப்பான். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். கொடி ஏறின நாள் காலையில் இருந்து தபசுக்கு முந்தின நாள் முடிய, அந்தப் பத்து நாளையும் உன் அம்மா பேரில் இருந்து எடுத்துவிடு. கூட்டத்தில் என் பேரைச் சொல்லியே சொல், எங்க அப்பா கட்டிக்கிட்டு நடந்தார் என்று சொல், கூச்சப்படாதே. இதைப் போல வேண்டுதலுக்கும் வேறு எதற்கும் வாட்சை மாற்றிக் கட்டின வீடு இன்னும் எத்தனை இருக்கிறதோ, கேட்டுப் பார்க்கச் சொல். வாட்ச் கட்டும்போதே பாண்டிராஜ் தம்பி ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும், கழற்றினாலும் பரவாயில்லை, அடுத்தவர் கையில் கட்டாதீர்கள் என்று. எங்களிடம் கழற்றாதே என்று மட்டும்தான் எல்லோரும் சொன்னார்கள், அடுத்தவருக்குக் கட்டாதே என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கு நினைப்பு வரும். அன்னக்கிளியிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். அவள் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "யக்கா, மன்னிச்சிருங்க, இன்னைக்கு ஒரு தடவை எந்திச்சாப் போதும்" என்றாள். உன் அம்மா இரண்டு தடவை எழுந்தாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதே ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய், நீ அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தபசு அன்றைக்குக் காலையில் ஒரு நாற்பது நிமிஷம் மட்டும் வாட்ச் குழம்பியிருக்கிறது, நாடி தாறுமாறாக ஓடுகிறது, பத்து அடி, அப்புறம் ஒன்றும் இல்லை, மறுபடி ஆறு அடி, இப்படிக் கிடக்கிறது, வார் லூசாக இருந்திருக்கும், அது பிழை என்று எடுத்துப் போட்டுவிட்டோம் என்றாய். சுந்தரி, நான் நூறு சுற்றுத்தான் சுற்றினேன். கடைசி ஒன்றுக்குக் கிளம்பும்போது உன் அம்மா வாசலை மறித்து, "நூறு உங்க காலு. அந்த ஒண்ணை எனக்கு விட்டுருங்க" என்றாள். வெயில் ஏறுகிறதுக்கு முன்னால் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டினேன், லூசாக இல்லை, அவளுடைய பழைய துளையிலேயே இறுக்கி மாட்டினேன், என் கையால் மாட்டினது, எனக்கு நன்றாகத் தெரியும். தபசுக் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போகிறது, நான் முன்னால் கையை விரித்துக்கொண்டு போனேன். பத்து அடி வைப்பாள், நிற்பாள். நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுப்பாள். போதும் மாடத்தி, அம்மன் ஒன்றும் நினைக்க மாட்டாள் என்றால், தலையை ஆட்டிவிட்டு ஆறு அடி வைப்பாள். ஒவ்வொரு மூலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. முடித்துவிட்டுச் சிரித்தாள், அவள் நடந்ததும் அதுதான் கடைசி, வாய்விட்டுச் சிரித்ததும் அதுதான் கடைசி. வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கழற்றி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தாள், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், அது கத்தினால் கத்தட்டும் என்றாள், நீ போனில் கேட்டதற்கும் இரண்டு நாள் கழித்துக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சாயந்திரம் தபசுக் காட்சிக்கு அவள் வரவில்லை, அசதியாக இருக்கிறது என்று படுத்துவிட்டாள். நீ பிழை என்று எடுத்துப் போட்டாயே, அந்த நாற்பது நிமிஷம்தான் உன் அம்மா. அந்தப் பதினொரு நாளில் அவள் நெஞ்சு எப்படி அடித்தது என்று வாட்சுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அழித்திருந்தால் எப்படியாவது தேடி எடு. எடுத்து அதை உன் கம்ப்யூட்டருக்குக் காட்டு, அது என்ன நம்பர் சொல்லுகிறது என்று பார். சிவப்பு என்றுதான் சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் நீ உட்கார்ந்து அழு, அழுதுவிட்டு வேலைக்குப் போ. மேஜையில் ஒட்டியிருக்கிற என் படத்தைக் கிழித்துவிட்டு அந்த நாற்பது நிமிஷத்தை ஒட்டிக்கொள்.

என்னோடு பேச உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது பேசு, நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன், ஆனால் அம்மாவுக்குத் தினமும் முகத்தைக் காட்டிவிடு, என் மேல் இருக்கிற கோபத்தில் அவளைப் பட்டினி போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே கார் ஓட்டாதே, மாப்பிள்ளை சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேள். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், கோமதியம்மன் உங்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நடுவில் இரண்டு இடத்தில் "ம்" என்றாள், எது என்று கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதைத் திருத்தியும் விட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. சங்கரசுப்பு

என் கையெழுத்துக்குக் கீழே கோணலாக இழுத்துக்கொண்டு போகிற கோடு உன் அம்மா இடது கையால் போட்டது. பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்டாள். போட்டோவில் கறை மாதிரித் தெரியும், வெட்டிவிடாதே.